கணக்கை ஒழித்த தபால் உத்தியோகஸ்தர்

தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழர் ஒருவர் சிங்கப்பூரிலுள்ள தம் உறவினருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தபால் தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டால் அவருடைய கவலை தீர்ந்தது. தலையின் விலை இந்திய அரசாங்கத்தின் கஜானாவைச் சேர்ந்துவிட்டது. ஆயினும் அக்கடிதத்தைச் சிங்கப்பூரில் தெரு வாரியாகப் பிரித்து, வீட்டு எண்ணைத் தேடி, மாடிப்படி ஏறிக் கொடுப்பவர் அந்நாட்டுத் தபால்காரர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்நாட்டார். நம் நாட்டுத் தலைக்கு அங்கே அவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? மீதிக் கட்டணத்தைக் கொடுத்தால்தான் கடிதத்தைத் தருவோம் என்று நம் உறவினரிடம் அவர்கள் கேட்பதில்லையே, ஏன்?

முன்னொரு காலத்தில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கத்தை உலகத்திலிருந்து ஒழிப்பதற்குப் பலர் பாடுபட்டனர். அவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர். அவர் பெயர் ஹைன்றிச் ஸ்டீபன். படைத் தலைவர்களும் மந்திரிகளும் நிறைந்த 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சரித்திரத்தில் அவர் பெயர் நம் நாட்டில் அதிகமாகக் கேட்கப்படுவதில்லை. வெளியூரில் பிழைக்கும் நம்மவர் அனைவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதால், அவருடைய வாழ்க்கையையும் உத்தியோகத்தையும் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது தகும்.

ஸ்டீபன் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, பிரஷ்யாவின் பொமரேனியப் பகுதியிலுள்ள ஸ்டோல்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1945-க்குப் பின் அவ்வூர் போலந்து நாட்டைச் சேர்ந்துவிட்டது. ஸ்லூப்ஸ்க் என்பது அதன் இன்றைய பெயர். தந்தை தையல் தொழிலாளி. பிரபுக்களின் பிள்ளைகளுக்கே உயர்ந்த பதவிகள் என்றிருந்த அந்நாட்டில், தையற்காரர் மகனுக்குத் திறந்திருந்த கதவுகள் சிலவே. அவற்றுள் ஒன்று தபால் இலாகா. 1848-இல், பதினேழாம் வயதில், உள்ளூர்த் தபால் நிலையத்தில் கற்றுக்குட்டிக் குமாஸ்தாவாக அவர் அமர்ந்தார். பல மொழிகளைத் தாமே முயன்று கற்றார். கொலோன் நகரில் வேலை பார்த்தபோது வெளிநாட்டுத் தபாலின் கட்டணக் கணக்கு அவர் கைக்கு வந்தது. அவருடைய வாழ்க்கையின் போக்கை நிர்ணயித்தது அந்தக் கணக்குத்தான் என்பது நம் கருத்து.

அந்தக் கணக்கு எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. சிறிதும் பெரிதுமான பல அரசுகள். அவற்றில் பத்துக்கு மேற்பட்ட தனித்தனித் தபால் நிர்வாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம், ஒரு நாணயம், ஒரு நிறை அளவு. ஒரு நாடு கிராமில் நிறுத்தால், மற்றொன்று அவுன்ஸில் நிறுக்கும். வேறொன்று லோத் என்னும் பழைய ஜெர்மானிய அளவில் நிறுக்கும். ஒரு கடிதம் மூன்று நாடுகளைக் கடந்து சென்றால், அனுப்பிய நாட்டுக்கு இவ்வளவு, நடுவிலுள்ள நாட்டுக்கு இவ்வளவு, சேரும் நாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணத்தைப் பங்கிட்டுக் கடிதந்தோறும் கணக்கு எழுத வேண்டும். ஒரே ஊருக்குப் போகும் கடிதத்துக்கு இந்த வழியில் ஒரு கட்டணம், அந்த வழியில் வேறொரு கட்டணம். எழுதியவர் பாதி வழிக்கே பணம் கட்டியிருந்தால் மறு பாதியைப் பெறுபவர் கட்ட வேண்டும். கட்ட வகையில்லாத ஏழை, கடிதத்தைப் பாராமலே திருப்பி அனுப்ப நேரும். இரு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களோ நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை ஒன்றோடொன்று பொருந்தா. கணக்குப் புத்தகங்கள் ஏற ஏற, அவற்றை எழுதும் குமாஸ்தாக்களும் ஏறினார்கள். பங்கிட்டுப் பெறும் காசைக் காட்டிலும், பங்கிடுவதற்கு ஆகும் செலவே பெரிதோ என்று ஐயுறும் நிலை.

இந்த ஐயம் கணக்கு எழுதிய பலருக்கும் தோன்றியிருக்கலாம். ஸ்டீபன் அதை விடாமல் பற்றிக்கொண்டார் என்பதே வேறுபாடு. 1850-களின் நடுவில் பெர்லின் தலைமை அலுவலகத்துக்கு வந்த அவர், 1859-இல் பிரஷ்யத் தபாலின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். ஓர் இலாகாவை மாற்ற விரும்புகிறவர் முதலில் அதன் பழைய கட்டுகளையெல்லாம் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1866-இல் ஆஸ்திரியாவுடன் நடந்த போரில் பிரஷ்யா வென்றது. அப்போது முப்பத்தைந்து வயதான ஸ்டீபனுக்கு ஒரு விசித்திரமான வேலை வந்தது. துர்ன்-டாக்சிஸ் என்ற பிரபு குடும்பம், 15-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், ஐரோப்பாவின் பல பகுதிகளில் தபாலைக் குடும்பச் சொத்தாகவே நடத்தி வந்தது. ஜெர்மானியச் சிற்றரசுகள் பலவற்றில் 1860-களிலும் கடிதங்களைச் சுமந்தது அக்குடும்பத்தின் வண்டிகளே, இலாபமும் அக்குடும்பத்துக்கே. அதன் தலைமை நிலையம் பிராங்க்ஃபர்ட் நகரில் இருந்தது. பிரஷ்யப் படை அந்நகரைப் பிடித்ததும், தபாலைக் கைக்கொள்ள ஸ்டீபன் அனுப்பப்பட்டார். அவர் அதைப் பறித்துக்கொள்ளவில்லை, பேரம் பேசினார். 1867 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. 30 இலட்சம் தாலர் நஷ்ட ஈடு பெற்றுக்கொண்டு, அவ்வாண்டு ஜூலை முதல் தேதியன்று துர்ன்-டாக்சிஸ் குடும்பம் தன் உரிமையைக் கைவிட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தனியார் சாம்ராஜ்யம் ஒரு கையெழுத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டே, வட ஜெர்மானியக் கூட்டரசு முழுவதற்கும், தூரம் எதுவாயினும், சாதாரணக் கடிதத்துக்கு ஒரே கட்டணம் என்றாயிற்று. இங்கிலாந்தில் ரௌலண்ட் ஹில் 1840-இல் செய்ததும், இந்தியாவில் 1854-இல் அரையணாத் தலையால் ஆனதும், ஜெர்மானியர்க்கு அப்போதுதான் கைகூடியது.

இதற்கிடையில் அவர் கண்ட தோல்வி ஒன்றையும் கூற வேண்டும். 1865-இல் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூடிய ஜெர்மானியத் தபால் மாநாட்டில் அவர் ஒரு யோசனையை எழுத்து மூலம் முன்வைத்தார். நலமாக வந்து சேர்ந்தோம், நாளை புறப்படுகிறோம் என்று இரண்டு வரி தெரிவிப்பதற்கு முழுக் காகிதமும் உறையும் அரக்கும் எதற்கு? கெட்டியான ஒரு சிறு அட்டையில், ஒரு பக்கம் விலாசமும் மறு பக்கம் செய்தியுமாக எழுதித் திறந்தபடியே அனுப்பினால் என்ன? மாநாட்டார் இசையவில்லை. வருமானம் குறையும் என்ற அச்சம் ஒருபுறம். பிறர் கண்ணில் படும்படி கடிதம் எழுதுவது மரியாதையாகுமா என்ற தயக்கம் மற்றொருபுறம். நான்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவில் இமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே கருத்தைப் பத்திரிகையில் எழுதினார். ஆஸ்திரியத் தபால் இலாகா அதை ஏற்று, 1869 அக்டோபர் முதல் தேதி உலகின் முதல் தபால் அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று மாதங்களில் ஏறக்குறைய 30 இலட்சம் அட்டைகள் செலவாயின.

1870-இல் ஸ்டீபன் வட ஜெர்மானியத் தபாலின் தலைவரானார். பிஸ்மார்க்கின் சம்மதத்தைப் பெற்று அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஐந்தாண்டுகளாகக் கிடப்பிலிருந்த அட்டையை வெளியிட்டது. பெர்லினில் விற்பனைக்கு வந்த முதல் நாளே 45,000-க்கு மேல் விற்றது. சில வாரங்களில் பிரான்ஸுடன் போர் மூண்டது. போர்முனையிலிருந்த சிப்பாய்க்கு அந்த அட்டை எவ்வளவு உதவியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலின் மேல் வைத்து, பென்சிலால், உயிரோடிருக்கிறேன் என்று எழுதி அனுப்பலாமன்றோ? ஆனால் ஒன்று. சாதாரண மக்களுக்கு அட்டையின் விலை தொடக்கத்தில் கடிதக் கட்டணத்துக்குச் சமமாகவே இருந்தது, 1872-இல்தான் பாதியாயிற்று. ஏழைக்கு ஏற்ற பொருளாக அது ஆனது அப்போதுதான். நம் நாட்டில் 1879-இல் வந்த காலணாக் கார்டு அதன் தங்கை எனலாம். அந்தக் கார்டில், ஓரத்தில் குறுக்காகவும், விலாசத்துக்கு மேலே தலைகீழாகவும் நெருக்கி நெருக்கி எழுதிய நம் பெரியோர்கள், காலணாவில் ஒரு குடும்பத்தின் க்ஷேமலாபம் முழுவதையும் அடக்கிவிடுவார்கள்.

இனி, அவருடைய பெரிய காரியத்துக்கு வருவோம். உலக நாடுகளெல்லாம் தபாலைப் பற்றி ஒன்றாகப் பேச வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே உண்டு. அமெரிக்கத் தபால் மந்திரி மாண்ட்கோமரி பிளேர் கேட்டுக்கொண்டதன் பேரில் 1863-இல் பாரிஸில் பதினைந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடிச் சில பொதுக் கொள்கைகளை வகுத்தனர். ஒப்பந்தம் ஒன்றும் ஏற்படாமல் கலைந்தனர். 1868-இல் ஸ்டீபன் ஒரு குறிப்புத் தயாரித்தார். உலகம் முழுவதையும் தபாலைப் பொறுத்த மட்டில் ஒரே நாடாகக் கருதுவோம் என்பது அதன் சாரம். போர் குறுக்கிட்டது. போர் முடிந்ததும் சுவிட்ஜர்லாந்து அழைப்பு விடுத்தது. ரஷ்யா தவணை கேட்டது. கடைசியாக 1874 செப்டம்பர் 15-ஆம் தேதி பெர்ன் நகரில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். சுவிட்ஜர்லாந்தின் யூஜீன் போரெல் தலைமை வகித்தார். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த பிரான்ஸும் ஜெர்மனியும் ஒரே மண்டபத்தில் இருந்தன. வெற்றி பெற்ற நாட்டின் பிரதிநிதியாகிய ஸ்டீபன், தோற்ற நாட்டின் மொழியாகிய பிரெஞ்சில் பேச்சு நடத்தினார். ஒப்பந்தமும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுதான்: தலை விற்ற நாடு அந்தப் பணம் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளும். மற்ற நாடுகளிலிருந்து வரும் கடிதங்களை ஒவ்வொரு நாடும் இலவசமாக வீடு சேர்க்கும். பங்கும் இல்லை, கடிதந்தோறும் கணக்கும் இல்லை. இது எப்படி நியாயமாகும் என்று கேட்கலாம். இதற்கு அடிப்படை மனித இயல்பு பற்றிய ஓர் எளிய கணிப்பு. ஒருவர் கடிதம் எழுதினால் மற்றவர் பதில் எழுதுவார். போகும் கடிதமும் வரும் கடிதமும் ஏறத்தாழச் சமம். ஆகவே இரு நாட்டுச் செலவும் ஒன்றையொன்று கழித்துவிடும். சில்லறை வித்தியாசம் ஒன்று இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு அந்த வித்தியாசத்தைவிட மிகுதி. கணக்கிலேயே வளர்ந்த ஓர் அதிகாரி, கணக்கே வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! சர்க்கார் அலுவலகங்களில் காலம் கழிக்கும் நாம் அதை நன்கு உணர்வோம். ஒரு படிவத்தைப் புதிதாகச் சேர்ப்பது எளிது. வழக்கத்திலுள்ள ஒரு படிவத்தை நீக்குவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது!

15 கிராம் வரையுள்ள கடிதத்துக்கு, கால் பிராங்காகிய 25 சென்ட்டீம் என்பது பொதுக் கட்டணமாயிற்று. அந்தந்த நாட்டு நாணயத்துக்கு ஏற்ப அது சிறிது கூடலாம், குறையலாம். அட்டைக்கு அதில் பாதி. எனினும் ஸ்டீபன் விரும்பியவை எல்லாம் கிடைத்துவிடவில்லை. நடுவிலுள்ள நாடுகள் தம் வழியே செல்லும் தபாலையும் இலவசமாகக் கடத்தவேண்டும் என்பது அவர் ஆசை. இதற்கு அந்நாடுகள் இணங்கவில்லை. கடிதத்தை எண்ணாமல், மூட்டையை மொத்தமாக நிறுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது என முடிவாயிற்று. பிரான்ஸுக்கு இதிலும் மனக்குறை. வழிக் கட்டணத்தால் வந்துகொண்டிருந்த வருமானத்தை இழக்க அந்நாட்டுக்கு மனமில்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த தபால் மூட்டைகளும் காலே துறையில் இறங்கிப் பிரான்ஸைக் கடந்து, இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகம் சென்று கப்பலேறியவையே. 1874 அக்டோபர் 9-ஆம் தேதி மற்ற நாடுகள் கையெழுத்திட்டன. பிரான்ஸ் கையெழுத்திட்டது 1875 மே மாதத்தில்தான். 1875 ஜூலை முதல் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸைப் பொறுத்த வரை 1876 ஜனவரியிலிருந்து.

இங்கேதான் நம் நாடு வந்து சேருகிறது. 1876 ஜூலை முதல் தேதி பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் குடியேற்றங்களும் சங்கத்தில் சேர்ந்தன. சென்னையும் புதுச்சேரியும் காரைக்காலும், இருவேறு அரசுகளின் கீழிருந்தும், ஒரே நாளில் உலகத் தபாலின் எல்லைக்குள் வந்தன. இலங்கையும், பினாங்கு சிங்கப்பூர் அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்களும் 1877 ஏப்ரல் முதல் தேதி சேர்ந்தன. தேயிலைத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடை கண்ணிக்கும் தமிழர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கடல் தூரத்துக்கென்று மிகைக் கட்டணம் இருந்ததாகையால், கடிதம் ஒரே நாளில் மலிவாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தது. ஊரில் உள்ள தாய், மகனுடைய கடிதத்தை வாங்க எவ்வளவு கேட்பார்களோ என்று தபால்காரரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேன்மேலும் நாடுகள் சேர்ந்தமையால் 1878-இல் பாரிஸில் கூடிய மாநாடு அதற்குச் சர்வதேசத் தபால் சங்கம் என்று பெயரிட்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், ஸ்டீபனின் வேறொரு முயற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்பினால் நேயர்கள் பொறுத்தருள்வார்களாக. ஜெர்மானியத் தபால் இலாகாவில் பிரெஞ்சுச் சொற்கள் மலிந்திருந்தன. உறைக்கு ஒரு பிரெஞ்சுச் சொல், பதிவுக்கு ஒன்று, அவசரத் தபாலுக்கு ஒன்று. சாளரத்தின் முன் நிற்கும் குடியானவருக்கு அவை விளங்கா. ஜெர்மானியப் பேரரசு அமைந்த பின், 1870-களில், ஸ்டீபன் நூற்றுக்கணக்கான சொற்களை மாற்றி உத்தரவிட்டார். உறையைக் குறித்த கூவேர் என்ற சொல் போய், பிரீஃப்-உம்ஷ்லாக் வந்தது. கடிதத்தைச் சுற்றி மூடுவது என்பது பொருள். போஸ்ட் ரெஸ்டான்ட் என்பது போஸ்ட்-லாகர்ன்ட் ஆயிற்று. தபால் நிலையத்திலேயே வைத்திருப்பது என்பது பொருள். பதிவுத் தபால், உள்ளே எழுதப்பெற்றது என்று பொருள்படும் சொல்லைப் பெற்றது. புத்தகத்தில் பதிந்துகொள்வது என்னும் செயலே பெயராகி, கேட்டவுடன் விளங்குகிறது. டெலிபோன் வந்தபோது அதற்கு ஃபெர்ன்-ஷ்ப்ரெஹர் என்ற பெயரை வழங்கினார். ஃபெர்ன் என்றால் தொலை. ஷ்ப்ரெஹர் என்றால் பேசுவது. நம் தொலைபேசியும் இதே அச்சில் வார்த்ததுதான் என்பது கவனிக்கத்தக்கது.

இதை எல்லாரும் பாராட்டவில்லை. மொழித் தூய்மைச் சங்கத்தார் ஸ்டீபனைக் கௌரவ உறுப்பினராக்கினர். ஆனால் மொழியைக் கட்டளையால் சுத்திகரிக்கும் போக்கை எதிர்த்து 1889-இல் அறிஞர்களும் எழுத்தாளர்களுமாக 41 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டனர். நாவலாசிரியர் தியடோர் ஃபொண்டானே அவர்களில் ஒருவர். எழுத்தாளர்களின் அச்சம் நியாயமே. கவிஞர் எந்தச் சொல்லை ஆள்வது என்று ஓர் இலாகா விதிக்கலாகாது. ஆனால் இலாகா தன் சாளரத்துக்கு மேலே எழுதும் பலகை வேறு விஷயம். அது அங்கே வந்து நிற்பவருக்காக எழுதப்படுவது. அவருக்குப் புரிய வேண்டும். இவ்விஷயத்தில் நாம் ஸ்டீபன் கட்சி. அவரும் எல்லை அறிந்தவரே. போஸ்ட் என்னும் சொல்லே இலத்தீனிலிருந்து வந்ததாயிற்றே. அதை அவர் தொடவில்லை. ஊரெல்லாம் வழங்கும் சொல்லை ஒருவர் மாற்றவும் முடியாது. நம்மிடையே தபாலும் அஞ்சலும் அக்கம்பக்கமாக வாழ்வது போல என்று கூறலாம். அஞ்சல் என்பதைப் புதிய ஆக்கம் என்று எண்ணுவோர் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் நிர்வாகத்துக்கு அஞ்சல் என்றே பெயர். 1951-இல் இந்தியத் தபாலோடு இணையும் வரை அப்பெயருடனேயே அது நடந்து வந்தது.

தொலைபேசியைக் குறிப்பிட்டோம். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் பெல்லின் கருவியைப் பற்றி 1877 அக்டோபரில் வெளிவந்த கட்டுரை ஸ்டீபனின் கண்ணில் பட்டது. அம்மாதம் முடிவதற்குள் இரண்டு கருவிகள் கைக்குக் கிடைத்தன. பெர்லினில் தபால் தலைமை நிலையத்துக்கும் தந்தி நிலையத்துக்கும் இடையே பேசிப் பார்த்தார். மற்றவர்கள் அதை வேடிக்கைப் பொருளாகக் கருதிய வேளையில், அவருக்குத் தோன்றியது வேறு. தந்தி அடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கிராமத் தபால் நிலையத்தில் அத்தகைய ஆளை வைக்கக் கட்டுப்படியாகாது. பேசத் தெரிந்தால் போதும் என்னும் கருவி வந்துவிட்டால், கிராமத்துக்கும் தந்திச் செய்தி போகுமே! அடுத்த மாதமே பெர்லினுக்கு அருகில் அத்தகைய நிலையம் திறக்கப்பட்டது. நகரத்தார்தாம் தயங்கினர். 1881-இல் பெர்லினில் தொலைபேசி இணைப்பகம் தொடங்கியபோது, முதல் விலாசப் புத்தகத்தை நகர மக்கள் 99 முட்டாள்களின் புத்தகம் என்று கேலி செய்தார்கள்.

ஸ்டீபனைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. தம் இலாகாவை அவர் படைப்பிரிவு போல நடத்தினார். 1890-இல் கீழ்நிலைத் தபால் உதவியாளர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது, தையற்காரரின் மகனும் ஒரு காலத்துக் குமாஸ்தாவுமாகிய அவர் அவர்களிடம் பரிவு காட்டியிருக்கலாம். மாறாக, முன்னின்றவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார். பெண்களை வேலைக்கு அமர்த்துவதையும் நெடுநாள் எதிர்த்தார். பெர்லின் தொலைபேசி இணைப்பகத்தில் பெண்கள் வந்தமர்ந்தது ஏறத்தாழ 1890-இல்தான். ஊர்தோறும் அவர் எழுப்பிய தபால் மாளிகைகளைக் கண்டு, கடிதம் போட அரண்மனை எதற்கு என்று சட்டசபையில் கேட்டவர்கள் உண்டு. கீழே இருப்பவர்களின் சம்பளத்தையும் அந்த மாளிகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அக்கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

1880-இல் அவர் பேரரசின் தபால் இலாகாவுக்குச் செயலாளரானார். அந்நாட்டில் அது மந்திரி பதவிக்கு ஒப்பானது. 1885-இல் பிரபுப் பட்டம் பெற்று ஹைன்றிச் ஃபான் ஸ்டீபன் ஆனார். 1872-இல் அவர் தோற்றுவித்த தபால் பொருட்காட்சிசாலை, பெர்லினில் லைப்ஸிக் வீதியில் செய்தித் தொடர்புக் காட்சிசாலை என்ற பெயரில் இன்றும் உள்ளது. 1897 ஏப்ரல் 8-ஆம் தேதி, உத்தியோகத்தில் இருக்கும்போதே, காலமானார். அவருடைய சங்கம் 1948 முதல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு ஸ்தாபனங்களுள் ஒன்று. தலைமையகம் பெர்ன் நகரிலேயே இருக்கிறது. 192 நாடுகள் அதில் உறுப்பினர். அக்டோபர் 9-ஆம் தேதியை உலகத் தபால் நாளாகக் கொண்டாடலாம் என்ற தீர்மானம் 1969-இல் டோக்கியோ மாநாட்டில் நிறைவேறியது. அதை முன்மொழிந்தவர் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவரான ஆனந்த் மோகன் நருலா.

அதே டோக்கியோ மாநாட்டில் வேறொன்றும் நடந்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு பதில் என்ற பழைய கணிப்பு பொருந்தவில்லை என்று சில நாடுகள் முறையிட்டன. பத்திரிகைகளையும் விளம்பரங்களையும் சில நாடுகள் மூட்டை மூட்டையாக அனுப்புகின்றன. வாங்கும் நாடுகளோ பதிலுக்கு அனுப்ப ஏதுமின்றி அவற்றை வீடு வீடாகச் சுமக்கின்றன. ஆகவே மிகுதியாகப் பெறும் நாட்டுக்கு, அந்த மிகுதிக்கு ஈடாக, அனுப்பும் நாடு பணம் தரவேண்டும் என்று விதியாயிற்று. ஸ்டீபன் ஒழித்த கணக்கு, 95 ஆண்டுகளுக்குப் பின், மூட்டையின் நிறையைப் பற்றிய கணக்காகத் திரும்பி வந்தது. பின்னர் இணையத்தின் வழியே பொருள் வாங்கும் பழக்கம் பெருகியபோது இதுவும் போதவில்லை. சீனாவிலிருந்து வரும் சிறு பொட்டலங்களைத் தன் நாட்டில் சேர்க்கக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு என்று அமெரிக்கா 2018-இல் சங்கத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு ஒன்று கூடியது. தன் நாட்டில் கொண்டு சேர்ப்பதற்கான கட்டணத்தை அந்தந்த நாடே நிர்ணயித்துக்கொள்ள அது வழி செய்தது. அமெரிக்காவும் விலகாமல் நின்றது. பொட்டலங்களைப் பற்றியதே அந்த வழக்கு. கையால் எழுதிய கடிதத்தைப் பற்றி எந்த நாடும் அங்கே புகார் கொண்டுவரவில்லை.